அவள் பெயரில் நான் போட்ட கோல்

பாராட்டு விழாவுக்கு வா என்று போன் வந்தபோது நான் கம்பெனி கேன்டீனில் தட்டோடு வரிசையில் நின்றிருந்தேன். பேசியது கல்லூரியின் பழைய பி.டி. சார். ரிட்டயர் ஆகி எத்தனையோ வருஷம் ஆகியும் அந்தக் குரலில் அதட்டல் குறையவில்லை.

"இன்னாம்மா, எப்டிகீற? நம்ம காலேஜ் புட்பால் டீம்ல அந்தக் காலத்துல நல்லா ஆடின பொண்ணுங்களுக்கெல்லாம் பங்ஷன் வெக்கிறோம். நீ கண்டிப்பா வந்துடணும். இந்த வாட்டி உன்னையும் மேடையேத்துறேன்."

நான் அந்தக் கல்லூரியில் ஒரு நாள் கூடப் படித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் குழப்பம் வேண்டாம். ஆனால் அந்தக் கல்லூரிக்காக மூன்று வருஷம் பந்து ஆடியிருக்கிறேன். அவர்கள் ஆபீஸ் ரூம் கண்ணாடி அலமாரியில் இருக்கிற ஒரே பெரிய கோப்பை நான் போட்ட கோலில் வந்ததுதான். கால் என்னுடையது, பெயர் வேறொருத்தியுடையது.

இப்போது என் மகள் அதே கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். அதே டீமில் ஆடுகிறாள். அம்மாவுக்கும் பந்து உதைக்கத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் கம்பெனி ஸ்போர்ட்ஸ் டேயில் லெமன் ஸ்பூன் ஓடுகிற மாதிரி ஏதோ ஆடியிருப்பேன் என்று நினைப்பு. நானும் சொன்னதில்லை. வெளியே தெரிந்தால் கோப்பையைப் பிடுங்கிக்கொள்வார்கள், வாயைத் திறக்காதே என்று சார் அன்றைக்கு என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். வாங்கினவருக்கு மறந்திருக்கலாம், கொடுத்தவளுக்கு மறக்கவில்லை.

அதனால் மேடையேத்துறேன் என்று அவர் சொன்னதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. சால்வை வேண்டாம், ஷீல்டு வேண்டாம். அந்தக் கோலைப் போட்டது இவள்தான் என்று சார் மைக்கில் ஒரு தடவை சொல்ல வேண்டும், அது என் மகள் காதில் விழ வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிளாஸ்டிக் கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலைக்கு நான் புதுசாகச் சேர்ந்திருந்த காலம் அது. எங்கள் காலனி சர்ச் மைதானத்தில் அண்ணன்களோடு மல்லுக்கட்டிப் பந்து பழகியவள். கம்பெனி ஸ்போர்ட்ஸ் டேயில் ஆண்கள் சிரித்து மகிழட்டும் என்று பெண்களை விட்டு ஒரு புட்பால் மேட்ச் வைத்தார்கள். புடவைக் கொசுவத்தை இடுப்பில் சொருகிக்கொண்டு சூப்பர்வைசர் அக்கா எல்லாம் ஓடினார்கள். சிரிப்பதற்காக வந்தவர்கள் நான் ஆட ஆரம்பித்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். விசில் ஊத வந்திருந்தவர்தான் இந்த பி.டி. சார். மேட்ச் முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார். "எங்க காலேஜுக்கு ஆடுறியா?" என்றார். நான் பிளஸ் டூவோடு நின்றவள் சார் என்றேன். "அத நான் பாத்துக்கிறேன்" என்றார்.

அவர் பார்த்துக்கொண்ட விதம் இதுதான். அவருடைய டீமுக்குப் பெண்கள் போதவில்லை. திருப்பாச்சூர் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்த ஒருத்தியைச் சேர்த்துக்கொள்ளப் பார்த்தார். நெல்லு நிலம் நிறைய இருக்கிற வீடு. அவள் அப்பா வெள்ளை வேட்டியோடு கல்லூரிக்கே வந்துவிட்டார். "பேரு வேணும்னா எழுதிக்கோங்க சார், எனுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா எம் பொண்ணு அரை டிராயர் போட்டுக்கினு ஊரு பாக்க ஓடக் கூடாது" என்று சொல்லிவிட்டார். நியாயம்தானே. ஓடுவதற்கு வேறு வீட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். என் அம்மா அந்த மாதிரி வீட்டு வயல்களில்தான் நாற்று நட்டாள். அம்மா குனிந்து நட்டாள், நான் நிமிர்ந்து ஓடினேன். அவ்வளவுதான் எங்கள் குடும்பத்தில் நடந்த முன்னேற்றம்.

அந்த ஹாஸ்டல்காரியின் பெயர், ஹாஸ்டல்காரியின் கையெழுத்து, என்னுடைய ஆட்டம். போட்டோவைக் காட்டச் சொன்னால் அவளுடைய அடையாள அட்டையின் ஜெராக்ஸை நீட்டுவார் சார். அந்தக் கறுப்பு மையில் அது நானாகவும் இருக்கலாம், எங்கள் தெரு பால்காரராகவும் இருக்கலாம். கையெழுத்துப் போட ஆள் வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு மேட்ச்சுக்கும் அவளையும் வேனில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். கையெழுத்தைப் போட்டுவிட்டு அவள் வேப்ப மரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். என் செருப்பு, டிபன் பாக்ஸ், சர்ச்சில் மந்திரித்த செயின் எல்லாம் அவள் மடியில்தான் இருக்கும். பத்திரமாகப் பார்த்துக்கொள்வாள், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அவள் பெயர் ஒரு அம்மன் பெயர். முதல் மேட்ச்சில் டீம் பெண்கள் அந்தப் பெயரைச் சொல்லிக் கத்திக் கத்திக் கூப்பிட்டும் நான் திரும்பவே இல்லை. எனக்கு வர வேண்டிய பந்து என் முதுகுக்குப் பின்னால் போய் கோட்டைத் தாண்டியது. அதற்குப் பிறகு பிராக்டிஸில் பந்தோடு சேர்த்து அந்தப் பெயரையும் பழக்கினார்கள். கூப்பிட்டதும் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் மைதானத்தை ஒரு சுற்று ஓட வேண்டும். ரொம்ப நாள் ஓடினேன். கடைசியில் எங்கேயாவது சந்தையில் யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் கூடத் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

பெயரைப் பழக்கின சார் ஒன்றை மறந்துவிட்டார். ஒரு செமி பைனலில் நான் இடது காலால் ஒரு கோல் போட்டேன். போட்ட சந்தோஷத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாம் செய்கிற மாதிரி நெற்றியிலும் நெஞ்சிலும் கை வைத்து சிலுவை போட்டுக்கொண்டேன். யோசித்தா செய்வார்கள் அதை? எதிர் டீம் கோச் கோட்டுக்கு உள்ளேயே வந்துவிட்டார். "இன்னா சார் இது, அம்மன் பேரு வெச்ச பொண்ணு சிலுவை போடுது?" என்று ரெப்ரியைப் பிடித்துக்கொண்டார். எங்கள் சார் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "வேளாங்கண்ணிக்கு வேண்டிக்கினுகீறா சார். ஏன், நீங்க போறதில்லையா?" என்றார். அந்த கோச்சும் போகிறவர் போலிருக்கிறது. முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

திரும்பி வரும்போது வேனில் எல்லார் முன்னாலும் சார் என்னைக் காய்ச்சி எடுத்தார். "அறிவு வேணாம்? கும்பிடணும்னா பேருக்கேத்த மாதிரி கும்பிடு!" டீம் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து கோல் போட்டால் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். தரையைக் கும்பிடுவதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் நெஞ்சு நிறைந்திருக்கிற அந்த நேரத்தில் கூட என் சாமியை நான் கூப்பிட முடியவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

பைனலிலும் நான்தான் கோல் போட்டேன். கோப்பை வாங்கியதும் குரூப் போட்டோ எடுக்க வரிசையாக நின்றோம். சார் என்னைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். "போட்டோல அவதான் நிக்கணும்மா, பிரின்சிபல் பாப்பாரு" என்றார். பாத்ரூமில் போய் ஜெர்சியைக் கழற்றிக் கொடுத்தேன். ஹாஸ்டல்காரி அதைச் சுடிதாருக்கு மேலேயே போட்டுக்கொண்டாள். "அய்யே, ஈரமாகீது" என்று மூக்கைச் சுளித்தாள். என் வியர்வைதான். ஆனாலும் போட்டோவில் நன்றாகத்தான் சிரித்திருந்தாள். எனக்கு ஒரு பிரியாணி பொட்டலம் கிடைத்தது, மறுநாள் காலை ஷிப்டுக்குப் போய்விட்டேன்.

அந்த விளையாட்டுச் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு அவள் உடற்கல்விப் படிப்புக்குப் போனாள். அரசுப் பள்ளியில் பி.டி. டீச்சர் ஆனாள். அவளை ஓட விடக் கூடாது என்று சொன்ன அதே அப்பா, ஊரெல்லாம் சாக்லேட் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். எனக்குக் கல்யாணம் ஆனது, பிள்ளை பிறந்தாள், கம்பெனி மாறினேன், கான்ட்ராக்ட் கூலி என்பது மட்டும் மாறவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை, பார்க்க ஆசைப்படவும் இல்லை.

விழாவன்றைக்கு ஷிப்டை இன்னொருத்தியிடம் மாற்றிக்கொண்டு, கல்யாணப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். மகள் காலையிலேயே ஜெர்சியோடு கிளம்பியிருந்தாள். கல்லூரி வாசலிலேயே பெரிய பிளெக்ஸ். அதில் அந்தக் குரூப் போட்டோதான். ஹாஸ்டல்காரியின் தலையைச் சுற்றி மட்டும் மஞ்சள் வட்டம் போட்டு, ஒளி அடிக்கிற மாதிரி செய்திருந்தார்கள். அந்த ஜெர்சியில் இருந்தது என் நம்பர். என் சட்டையை மாட்டிக்கொண்டு ஊர் நடுவில் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது.

சார் ஓடி வந்து என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார். நல்லாகீறியா என்று கேட்டார். கண்ணைப் பார்த்துக் கேட்கவில்லை.

காட்டுப்பள்ளி பக்கம் கன்டெய்னர் யார்டு வைத்திருக்கிற ஒருவர்தான் செலவெல்லாம் ஏற்றுக்கொண்டவர். அவர் வரும்வரை வெயிலில் காத்திருந்தோம். வந்ததும் முதல் சால்வை அவருக்கு, அடுத்தது அவர் தம்பிக்கு. பாராட்டப்பட வந்த பெண்கள்தான் வரிசையாகப் போய் அவர்களுக்குப் போர்த்தினார்கள். எல்லோரையும் போர்த்தி முடித்த பிறகுதான் பந்து ஆடினவர்கள் பக்கம் திரும்பினார்கள்.

ஹாஸ்டல்காரி காரில் வந்தாள். கண்ணாடி, சுங்குடிப் புடவை, கழுத்தில் விசில் மாதிரி ஒரு டாலர். மாவட்ட அணிக்குப் பெண்களைத் தேர்ந்தெடுக்கிற குழுவில் இவர் முக்கியமானவர் என்று மைக்கில் சொன்னார்கள். அது எனக்குப் புதுச் செய்தி. மேடைக்குப் பக்கத்தில் டீமோடு நின்றிருந்த என் மகள் அதைக் கேட்டதும் நேராக நின்றுகொண்டாள். மாவட்ட அணி என்பது அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அதில் இடம் கிடைத்தால் மேலே மேலே போகலாம், விளையாட்டுக் கோட்டாவில் ஒரு வேலைக்குப் போகலாம். என்னைப் போல் பேக்கிங் டேபிளில் நின்று கால் வீங்க வேண்டாம்.

சிறந்த முன்னாள் வீராங்கனைக்குச் சால்வை போர்த்த இன்றைய டீமின் சிறந்த வீராங்கனை வருவார் என்றார்கள். வந்தது என் மகள். அவள் ஹாஸ்டல்காரிக்குச் சால்வை போர்த்தினாள். காலைத் தொட்டும் கும்பிட்டாள். நான் புடவைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஹாஸ்டல்காரி பேச ஆரம்பித்தாள். நன்றாகப் பேசினாள், அதற்கென்ன குறைச்சல். மைதானம் தனக்குக் கோயில் என்றாள். ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன் என்றாள். குனிந்து மேடையைத் தொட்டுக் காட்டவும் செய்தாள். கைதட்டல் அடங்கவே கொஞ்ச நேரம் ஆனது. பெயரை எடுத்துக்கொண்டாள், சட்டையை எடுத்துக்கொண்டாள், போகட்டும். திட்டு வாங்கி நான் பழகின அந்தக் கும்பிடைக் கூடவா எடுத்துக்கொள்ள வேண்டும்? அவள் பொய் சொல்கிறாள் என்று கூட எனக்குத் தோன்றவில்லை. திரும்பத் திரும்பச் சொல்லி அவளே நம்பிவிட்டாள் என்றுதான் தோன்றியது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பொய் சொல்கிறவளிடம் சண்டை போடலாம்.

அப்போதுதான் அவள் கண் முன்வரிசைக்கு வந்தது. என்னைப் பார்த்துவிட்டாள். பேச்சு ஒரு நொடி நின்றது. அவள் முகத்தில் ரத்தம் இல்லை. நம்பினவள் இல்லை இவள், எல்லாம் தெரிந்தவள்தான் என்று அப்போது எனக்குப் புரிந்தது. சார் அவள் பக்கத்தில் போய்க் காதில் ஏதோ சொன்னார். அவள் தலையாட்டினாள். சிரிப்பு திரும்ப வந்தது.

"இந்த வெற்றிக்குப் பின்னால் பெயர் தெரியாத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஒவ்வொரு மேட்ச்சுக்கும் எனக்காகப் பூட்ஸைத் தூக்கிக்கொண்டு வந்து, மரத்தடியில் காத்திருந்த என் தோழி ஒருத்தி இங்கே வந்திருக்கிறாள். அவளை மேடைக்கு அழைக்கிறேன்."

சார் கீழே இறங்கி வந்து என் கையைப் பிடித்து எழுப்பினார். "வாம்மா, சொன்னேன்ல, மேடையேத்துறேன்னு" என்றார். வாக்குத் தவறாத மனிதர்.

படியேறினேன். ஹாஸ்டல்காரி என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு தன் தோளில் கிடந்த சால்வையை, என் மகள் போர்த்திய அதே சால்வையை, எடுத்து எனக்குப் போர்த்தினாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. எனக்கில்லை, அவளுடைய பெரிய மனசுக்கு. "ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா" என்று யாரோ மைக்கை என் கையில் திணித்தார்கள்.

மைக் சூடாக இருந்தது. சாரின் நெற்றியில் வியர்வை வழிந்தது. அவள் விரல்கள் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தன. ஒரு வரி போதும். இந்தப் பந்தை இவளை உதைக்கச் சொல்லுங்கள், நானும் உதைக்கிறேன், யார் ஆடினவள் என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மகளைப் பார்த்தேன். அவள் போனைத் தூக்கி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் பெருமை. மேடத்துக்கு நம்ம அம்மாவைத் தெரியும் என்கிற பெருமை. எனக்கு அவள் முகத்தில் வேண்டியிருந்த பெருமை அது இல்லை, ஆனாலும் அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

"நன்றி" என்றேன். மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் பின்சீட்டில் நானும் மகளும்தான். லாரிகள் தூசியை வாரிக் கொட்டிக்கொண்டு போயின. அவள் வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். கடைசியில் கேட்டாள்.

"ஏம்மா, நெஜமாவே நீ மேடத்துக்கு பூட்ஸ் தூக்கினு போவியா? எங்கிட்ட சொல்லவே இல்ல?"

எவ்வளவு நேரம்தான் ஒருத்தி வாயை மூடிக்கொண்டிருப்பாள்? எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெயர், கையெழுத்து, வேப்ப மரம், சிலுவை, போட்டோ, ஈரச் சட்டை. பாதியில் குரல் உடைந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சிரிப்பாள் என்று பயந்தேன். சிரிக்கவில்லை. நம்ப மாட்டாள் என்று பயந்தேன். வீடியோவை நிறுத்திவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். எங்கள் ஸ்டாப்பிங் நெருங்கும்போது சொன்னாள்.

"அதான் டிஸ்ட்ரிக்ட் கோச்சிங் கேம்ப்ல மேடம் ஒரு நாள் கூட பந்தத் தொட்டதே இல்ல. கால் வலின்னு சேர்ல உக்காந்துக்கினே கத்துவாங்க."

நம்பிவிட்டாள். என் மகள் என்னை நம்பிவிட்டாள். அத்தனை வருஷத்துக் கனமும் நெஞ்சிலிருந்து இறங்கின மாதிரி இருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்து நானும் அவள் பக்கம் சாய்ந்தேன்.

"ம்மா, இத நீ யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத. அடுத்த வாரம் செலக்ஷன். அவங்கதான் உக்காருவாங்க. ப்ளீஸ்மா."

சரி என்றேன். வேறு என்ன சொல்வேன்? அவள் கேட்டதில் தப்பு இல்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. சார் மிரட்டிக் கேட்டதை, ஹாஸ்டல்காரி சிரித்துக் கேட்டதை, என் பிள்ளை என் கையைப் பிடித்துக் கெஞ்சிக் கேட்டாள்.

அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. நன்றாக ஆடுகிறாள், கிடைக்க வேண்டியதுதான். அவளுக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றியிருக்கிறேன் என்று இதைப் படிக்கும்போது அவளுக்குத் தெரியும். இதில் சார் பெயர் இல்லை, மேடம் பெயர் இல்லை, அவள் பெயரும் இல்லை. என் பெயரையும் போடவில்லை. பெயர் இல்லாமல் ஆடுவது எனக்குப் பழக்கம்தான்.